என் பெயரில் ஒரு மலைப்பாம்பு

மலைப்பாம்பு ஒன்று வாங்கி வளர்ப்பது என்று நான் முடிவு செய்தது நவம்பர் மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே காலுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கக் காரணம், பத்து மணி பதினாலு நிமிஷம் வரைக்கும் நான் நிம்மதியாக இருந்தேன்.

பின்வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பலகை அடித்து, ஜன்னல் வைத்து, அதை ஓர் அறையாக்கியவன் நான்தான். ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, வெளியே ஒரு மாமரம். முப்பத்தொரு வருஷம் நகரசபைக்காக எங்கள் ஊர் இப்ஸ்விச் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன் நான். மூன்று தலைமுறை நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. ஜூலையில் ஓய்வு கொடுத்து, கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் கோடை டிசம்பரில்தான் தொடங்கும். வரப்போகிற கோடை முழுக்க அந்த நாற்காலியில் சாய்ந்து, டெஸ்ட் மேட்ச்சை ஐந்து நாளும் ஒரு பந்து விடாமல், குறுக்கே ஒருவரும் பேசாமல் ரேடியோவில் கேட்க வேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் நாய் கடித்துவிட்டது.

பத்தே காலுக்கு நோலீன் டீயோடு வந்தாள். என் மனைவி கேட்காமல் டீ கொண்டுவந்தால் பின்னாலேயே ஒரு செய்தி வரும்.

"மெர்வ், எங்க கிளெனிஸ் அக்கா வரா."

"எப்போ?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்."

"எப்போ போறா?"

"வரதுக்கு முன்னாடியே எப்போ போறான்னு கேக்கறது என்ன பழக்கம்?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"ஜனவரி கடைசில."

ஆறு வாரம். நான் காத்திருந்த கோடை அப்படியே முழுசாக அதற்குள் அடங்கியிருந்தது.

"எங்க படுத்துப்பா?"

நோலீன் என் அறையை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"திரைச்சீலைய மட்டும் மாத்தணும்," என்றாள்.

கிளெனிஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பண்டபெர்க்கில் இருக்கிறாள். நல்லவள்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துகொள்ளும். ரேடியோவில் யாராவது பேசினால் அவரோடும் பேசுவாள். முன்பெல்லாம் ஈஸ்டருக்கு நோலீன் அங்கே போவாள். இரண்டு வருஷமாக எல்லாம் இந்தப் பக்கம்தான். முதல் வருஷம் இரண்டு வாரம், போன வருஷம் மூன்று. அவள் புருஷன் ரோலி மட்டும் கூட வருவதேயில்லை. "அவருக்கு வீட்ல வேலை இருக்கு," என்பாள் கிளெனிஸ். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. தப்பித்துக்கொள்ளத் தெரிந்தவன் என்று நான்தான் அவன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது மேலே, கூரைக்கும் மச்சுக்கும் நடுவே, ஏதோ கனமாக நகர்ந்தது. எங்கள் கூரையில் ஒரு மலைப்பாம்பு குடியிருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உண்டு. எலி பிடிக்கும், ரேடியோ கேட்கும்போது பேச்சுக் கொடுக்காது. போன மாதம் துணி காயப்போடும் கம்பியில் வந்து தொங்கியபோது நோலீன் அதை விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு, என் பனியனை உதறிக் காயப்போட்டாள்.

"நல்லவேளை," என்றாள் நோலீன், மேலே பார்த்து. "போன தடவை அக்கா இருக்கறப்ப இது உருண்டுச்சு. எலின்னு சொல்லி சமாளிச்சுட்டேன்."

"ஏன், பாம்புன்னா என்ன?"

"உனக்குத் தெரியாதா? பாம்புன்னா அவளுக்கு உயிரே போயிடும். ஒரே வீட்டுக்குள்ள பாம்பு இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவா."

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்படி ஒரு தகவலைப் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போகிறாளே, பாவம், வெகுளி என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நெவில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். எஞ்சினை நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"பாம்பு வாங்கப் போறியா? உன் கூரைலயே ஒண்ணு சும்மா கெடக்கே. அதப் புடிச்சு உள்ள விடு."

"அது காட்டு ஜீவன்யா. புடிச்சு வீட்ல வெச்சா அபராதம். லைசென்ஸ் எடுத்து, வளக்கறவங்ககிட்ட வாங்கணும்."

"சரி, என்ன மாதிரி பாம்பு?"

"அதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். மரம் ஏறற ஜாதியா இருக்கணும்."

"ஏன்?"

"தரைல கெடக்கற பாம்பு கட்டைக்கு அடில போய்ப் படுத்துக்கும். அவ ஆறு வாரம் இருந்துட்டு, பாக்காமலே போயிடுவா. கிளைல தொங்கணும். கண்ணு திறந்ததும் நேரா தெரியணும்."

"நல்லா கடிக்கறதா வாங்கு, சீக்கிரம் கிளம்பிடுவா."

"நான்தானே அதத் தூக்கணும்? சாதுவா இருக்கணும்."

"அளவு?"

"என் தோள்பட்டை இருக்கற லட்சணத்துல ஒரு ஆள் தூக்கறாப்ல."

நெவில் வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"அப்போ, பாக்க பயங்கரமா இருக்கணும், ஆனா ஒண்ணும் பண்ணக்கூடாது."

"அதேதான்."

"நோலீன்கிட்ட சொல்லிட்டியா?"

அதுதான் எனக்கும் பெரிய மலையாகத் தெரிந்தது. இரண்டு நாள் கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், ரத்த அழுத்தத்துக்கு நல்லது, நாய் என்றால் எனக்குப் பழைய விரோதம் இருக்கிறது என்று வரிசையாகக் காரணங்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் முதல் காரணத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"பாம்பா? நல்ல யோசனை," என்றாள் நோலீன். உருளைக்கிழங்கைப் பரிமாறினாள்.

முப்பத்துநாலு வருஷத்தில் அவள் என் யோசனையை நல்ல யோசனை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அந்த நிமிஷமே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டை விட்டு ஓடியிருக்க வேண்டும். நான் இன்னொரு உருளைக்கிழங்கு கேட்டேன்.

"ஆனா அக்கா வரேன்னிருக்காளே," என்றாள்.

"அடடா! கிளெனிஸா? மறந்தே போச்சு பாரு." என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

"பரவால்ல. நீ ஆசப்பட்டு ஒண்ணு கேக்கறே. அவகிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த நாள் காலையிலேயே லைசென்ஸ் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். அவளே கம்ப்யூட்டரில் தட்டினாள். அவளே அச்சடித்தாள்.

"உன் பேர்லயே போட்டுடறேன் மெர்வ். உன் பாம்பு, உன் பேரு."

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன். வீட்டுப் பத்திரத்தில் முதல் பெயர் அவளுடையது. காரும் அவள் பெயரில். நூலக அட்டைகூட அவள் பெயரில்தான், நான் அதில் 'குடும்பத்தினர்'. முழுசாக என் பெயரில் ஒரு சொத்து, அதுவும் உயிரோடு.

"இங்க, இங்க, இங்க கையெழுத்து. படிச்சுப் பாக்கறியா?"

"நீ படிச்சியா?"

"ஒரு எழுத்து விடாம."

"அப்பறம் நான் வேற எதுக்கு?"

முப்பத்தொரு வருஷம் மீட்டர் படித்தவனுக்கு அதற்கு மேல் எதையும் படிக்கும் தெம்பு இல்லை. ஒன்பது இடத்தில் போட்டேன்.

லைசென்ஸ் வந்தவுடன் லேட்லி என்ற ஊர்ப் பக்கம் பாம்பு வளர்க்கும் ஷெரில் என்ற அம்மாளிடம் போனோம். நோலீன்தான் காரை ஓட்டினாள். ஷெரிலுக்கு எழுபது இருக்கும். ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை, கழுத்தில் துண்டு போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். துண்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

"என்ன மாதிரி பாக்கறீங்க?" என்றாள் ஷெரில்.

நான் வாயைத் திறப்பதற்குள் நோலீன் சொல்லிவிட்டாள். "சாதுவா இருக்கணும். ஏறச் சொன்னா ஏறணும். கைக்கு அடக்கமா இருக்கணும். கல்யாணத்துக்கு ஆள் பாத்தப்பவும் நான் இந்த மூணத்தான் பாத்தேன்."

"ஏறினாரா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ. கூரைத் தகரத்துல அடைச்ச எலையெல்லாம் அள்ளுவாரு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் கழுத்துத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு பச்சைப் பாம்பு. கிளையில் சுருண்டு, புதுசாய்ப் பெயிண்ட் அடித்த மாதிரி மின்னியது. அழகு என்றால் அவ்வளவு அழகு.

"இது சாதுவா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற வரைக்கும்."

"கோவமா இருக்கா இப்ப?"

"பொறந்ததுலேர்ந்து."

அடுத்த அறையில் ஒன்று. அறையே அதனுடையது. ஒரு மூலையில் தலை இருந்தது, வாலைத் தேட வேண்டியிருந்தது.

"எவ்ளோ நீளம் வளரும்?"

"உங்க வீடு எவ்ளோ நீளம்?"

மூன்றாவதைத் தூக்கி நேரே என் கையில் கொடுத்துவிட்டாள். கருந்தலை மலைப்பாம்பு. அப்பாவி. அசையவேயில்லை. எனக்குப் பிடித்துப் போனது.

"மரம் ஏறுமா?"

"ஏன் ஏறணும்? கட்டைக்கு அடில சொகமா படுத்திருக்கும். வாரத்துல ஒரு நாள் மூக்கு தெரியும்."

திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்தது மெல்லிசாய் ஒரு பழுப்புப் பாம்பு. நன்றாக ஏறும், கச்சிதமான அளவு. அதன் பெட்டியைத் துடைக்கும்போது மட்டும் ஷெரில் தோல் கையுறை போட்டுக்கொண்டாள். நான் கேள்வியே கேட்கவில்லை.

"அப்போ உங்களுக்கு பெர்சிதான்," என்றாள் ஷெரில்.

பெர்சி கம்பள மலைப்பாம்பு. வடக்கே டார்வின் பக்கத்து ஜாதி. மூன்று வயது, ஒன்றரை மீட்டர், மேலெல்லாம் பழைய ஜமக்காளம்போல் பழுப்பும் மஞ்சளும். பெட்டிக்குள் உச்சிக் கிளையில் மடித்துப் போட்ட துணியாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆம்பள. இந்த ஜாதில பொண்ணுங்கதான் பெருசு. ஆம்பள இதுக்கு மேல அதிகம் வளரமாட்டான்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றேன்.

"கடிக்க மாட்டானா?" என்றாள் நோலீன், நான் சொன்னது காதில் விழாத மாதிரி.

"இவனா? யார் தூக்கினாலும் போவான். விட்ட எடத்துல இருப்பான். போட்டதத் தின்பான். எதுத்து ஒரு சீறல் கெடையாது."

நோலீன் கையை நீட்டினாள். பெர்சி கிளையிலிருந்து இறங்கி, அவள் மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரை சுற்றிக்கொண்டது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பெர்சி என்னைப் பார்த்தது. நாங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம்.

பெர்சியின் கண்ணாடிப் பெட்டி என் அறைக்குத்தான் வந்தது. மரம் ஏறுகிற பாம்புக்கு உயரம் வேண்டும், அதனால் பெட்டி என் தோள் உயரம். கட்டிலின் தலைமாட்டில்தான் இடம் இருந்தது, அதுவும் என் திட்டத்துக்குத் தோதாகவே அமைந்தது. சாய்வு நாற்காலியை மூலைக்குத் தள்ளினோம். பெட்டிக்குள் சூட்டு விளக்கு. டிசம்பர் மாதம் இப்ஸ்விச்சில் ஓர் அறைக்குள் சூட்டு விளக்கு எரிவதை நீங்கள் மனதால் நினைத்துப் பார்த்தால் போதும், அனுபவிக்க வேண்டாம். புது இடம் பழகும் வரை சத்தமோ அதிர்வோ கூடாது என்று ஷெரில் சொல்லியிருந்தாள். ஆகவே ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். சரி என்றேன். ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் விறைத்த எலிகளுக்கு நோலீன் தன் கையாலேயே இடம் ஒதுக்கினாள். ஆறு வாரக் கிளெனிஸோடு ஒப்பிட்டால் இதெல்லாம் எம்மாத்திரம்?

பிறகு நோலீன் நடையில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். நான் கதவை ஒரு விரல் திறந்து வைத்துக்கொண்டேன்.

"ஆமா அக்கா, பாம்பு... ஆமா, நெசமாத்தான் வாங்கிட்டான்... கட்டிலுக்குத் தலைமாட்டுலயே!"

போனுக்குள்ளிருந்து வீல் என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி விட்டுவிட்டு ஏதோ சத்தம். நான் பெர்சியை நோக்கிக் கும்பிடு போட்டேன்.

நோலீன் உள்ளே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வரலியாம்."

"ஐயய்யோ," என்றேன். முகத்தைத் தொங்கப்போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எல்லாம் என்னால வந்தது."

"சே, நீ என்ன பண்ணுவே. பாவம், ஊர்லேர்ந்து கிளம்ப எல்லாம் தயார் பண்ணிட்டா. அதனால கலண்ட்ராவுல கடலுக்கு எதுத்தாப்ல ஒரு வீடு பேசிட்டா. அதே ஆறு வாரம்."

"நல்லதாப் போச்சு! கடல் காத்து, நல்லா தூக்கம் வரும்."

"அங்க அவ தனியா எப்படி இருப்பா மெர்வ்? அதான், நானும் கூடப் போறேன்."

சூட்டு விளக்கு 'டிக்' என்று தானாக அணைந்தது.

"ஆறு வாரமுமா?"

"பின்ன?"

"கிறிஸ்துமஸுக்கு?"

"கிறிஸ்துமஸ் நடுவுல வருதே, அதுக்கு நான் என்ன பண்றது."

"அப்போ நானும் வரேன்." இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். கடல் மணல் எனக்கு ஆகாது. இருபது வருஷமாக அவள் கேட்டுக் கேட்டு நான் கலண்ட்ராவுக்குப் போனதில்லை.

"நீ எப்படி வருவே? பெர்சி?"

"நெவில் பாத்துப்பான்."

நோலீன் உள்ளே போய் அந்தக் காகிதங்களைக் கொண்டுவந்தாள். ஏழாம் பக்கத்தைத் தேடவே இல்லை, பிரித்ததும் அதுவே வந்தது.

"லைசென்ஸ் இல்லாதவங்க கைல ஒப்படைக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. இதோ, உன் கையெழுத்துக்கு நேர் மேல."

"அப்போ அவனையும் கூட்டிட்டு வரேன்."

"வாடகை வீடு. நாயே கூடாதுங்கறாங்க, பாம்புக்கு சரிம்பாங்களா? நீ கவலப்படாதே. உனக்கு எல்லாம் சமைச்சு வெச்சுட்டுத்தான் போவேன்."

கட்டிலுக்கடியிலிருந்து தன் பயணப் பெட்டியை இழுத்தாள். அது ஏற்கனவே கனமாக இருந்தது.

போய்விட்டாள். புதுத் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பன்றித் தொடையையும் எடுத்துக்கொண்டு போனாள். "தனியாளா உனக்கு இது முடியாது, வீணாப் போயிடும்," என்றாள். ஃப்ரீசரில் டப்பா டப்பாவாக அடுக்கி, எல்லாவற்றின் மேலும் அவளுடைய குண்டு எழுத்தில் பெயர் எழுதி வைத்திருந்தாள். பாதி டப்பாவில் 'மெர்வ்', பாதி டப்பாவில் 'பெர்சி'. ஒருநாள் கண்ணாடி போடாமல் எடுத்துவிட்டேன். நல்லவேளை, மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

இப்போது கேளுங்கள். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது. அறை என்னுடையது. நாற்காலி என்னுடையது. திரைச்சீலை பழையது. குறுக்கே பேச இந்த வீட்டில் யாருமில்லை. வெளியே முப்பத்தொன்பது டிகிரி, உள்ளே சூட்டு விளக்கு, இரண்டு காதிலும் மேட்ச். மேலே கிளையில் பெர்சி, கீழே நாற்காலியில் நான், இரண்டு பேரும் அசையாமல்.

மேட்ச்சின் மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு விக்கெட் விழுந்தது. நாள் பூரா காத்திருந்த விக்கெட். "நோலீன்! அவுட்டு!" என்று கத்திவிட்டேன்.

முப்பத்துநாலு வருஷமாக அடுப்படியிலிருந்து "யாரு அவுட்டு?" என்று ஒரு குரல் வரும். நான் பெயரைச் சொல்வேன். "அவன் நம்ம ஆளா?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அதற்குள் அடுத்த பந்து போய்விடும். அன்றைக்கு அந்த அடுத்த பந்தைத் தெளிவாகக் கேட்டேன். அந்த ஓவரையே முழுசாகக் கேட்டேன். சப்பென்று இருந்தது. எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அறுபத்து மூன்று வயதில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மலைப்பாம்பு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தாண்டன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் அலைச் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள்.

"சாப்டியா மெர்வ்?"

"சாப்டேன். நீ?"

"இறால், இப்பதான் உரிச்சுக்கிட்டிருக்கோம். பெர்சி எப்படி இருக்கான்?"

"கண்ணு ரெண்டும் பால் மாதிரி மங்கிப் போயிருக்கு. ரெண்டு நாளா தின்னல. எனக்கு பயமா இருக்கு நோலீன்."

"இரு, இரு... அக்கா என்னமோ சொல்றா... தோல் உரிக்கப் போறானாம். அதுக்கு முன்னாடி கண்ணு அப்படித்தான் மங்குமாம். பெட்டிக்குள்ள கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடணுமாம். உரிச்சு முடிக்கற வரைக்கும் கைல எடுக்காதேங்கறா."

தெளிக்கலாம் என்று எழுந்தவன் அப்படியே நின்றேன்.

"இதெல்லாம் கிளெனிஸுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் இரண்டு அலை வந்து போயிற்று.

"அவங்க வீட்ல ஒண்ணு இருக்கே."

"என்னது, பாம்பா? பாம்புன்னா அவளுக்கு உயிரே போயிடும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேனா? பழகிருக்கும் மெர்வ். எவ்ளோ நாள்தான் பயந்துக்கிட்டே இருக்கறது."

"அப்போ இப்ப அதை யாரு பாத்துக்கறா?"

"ரோலிதான். லைசென்ஸ் அவர் பேர்லதானே இருக்கு. சரி, அடுத்த தட்டு இறால் சூடா வந்துருச்சு, வெக்கறேன் கண்ணு. தண்ணி தெளிக்க மறந்துடாதே."

போனை வைத்துவிட்டாள். நான் தண்ணீர் தெளித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. தெளித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. ரோலியிடம் லைசென்ஸ் இருக்கிறது! பெர்சியைச் சட்டப்படி அவனிடம் ஒப்படைக்கலாம். பண்டபெர்க் வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நேரே கலண்ட்ரா. இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கிறது. மணல் ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

ரோலியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ரோலி, நான் மெர்வ்."

"மெர்வ்! உன்னத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். உன்கிட்ட லைசென்ஸ் வந்துருச்சாமே?"

"வந்துருச்சு. அது விஷயமாத்தான் ஒரு உதவி..."

"இரு, நான் மொதல்ல கேட்டுக்கறேன். என் பாம்ப ஒரு நாலு வாரம் வெச்சுக்கறியா? ரொம்ப சாது. கிளைல தொங்கிக்கிட்டே கெடக்கும். நான் கலண்ட்ரா போகணும்யா. கிளெனிஸ் இல்லாம வீடு வீடாவே இல்ல."

அவன் பக்கத்திலும் ஒரு சூட்டு விளக்கு 'டிக்' என்றது.

"நானும் அதையே கேக்கத்தான் கூப்பிட்டேன்," என்றேன்.

"ஓ," என்றான் ரோலி.

"எப்போ வாங்கினே?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"உனக்கு எதுக்குய்யா பாம்பு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்த வீட்டில் அவனையும் பாம்பையும் தவிர யாருமில்லை, இருந்தாலும் தாழ்த்திக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதே மெர்வ். ஈஸ்டருக்கு ஈஸ்டர் வந்து என் ரூமைப் புடிச்சுக்குவாளே உன் பொண்டாட்டி, பாம்புன்னா அவளுக்கு உயிரே போயிடும்னு கிளெனிஸ் சொன்னா."